அப்பா கொடுத்த ஒரு கரண்டி

இந்த மருந்துக்கடைக்காரரிடம் டாக்டர் சீட்டு இல்லாமல் தலைவலி மாத்திரை கேட்டுப் பாருங்கள். கேட்டவரை நிற்க வைத்து வகுப்பெடுத்துவிடுவார். வீட்டில் மட்டும் அவருக்குச் சட்டம் கிடையாது. ஆறு வயது மகளுக்கு உடம்பு லேசாகச் சுட்டால் போதும், அலமாரியிலிருந்து ஒரு பாட்டில் இறங்கும், ஒரு கரண்டி உள்ளே போகும். அதையெல்லாம் மருந்துக் கணக்கில் சேர்க்க அவருக்குத் தோன்றியதே இல்லை.

அன்று மதியம் மகளின் உதடு வீங்கியது. அரை மணி நேரத்தில் இமைகளும் உப்பி, கண் இரண்டும் கோடாகிவிட்டன. வாயாடி என்று வீட்டில் பெயர் வாங்கியவள், "அப்பா, என் வாய் எனக்கே பெருசா இருக்கு" என்றாள். குரல் கரகரத்தது.

"என்ன சாப்பிட்டே?"

"எதிர்வீட்டு அத்தை பிஸ்கட் குடுத்தாங்க. முந்திரி போட்டது."

போதாதா? சத்தம் கேட்டு ஓடி வந்த எதிர்வீட்டு அக்காவைப் பிடித்துக்கொண்டார். "ஊர்ப் பிள்ளைக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?" அக்கா ஓடிப்போய்த் தன் காரைக் கிளப்பினாள். ஒருத்தியின் காரில் ஏறி, அவளையே ஓட்டச் சொல்லி, பின்சீட்டிலிருந்து அவளையே வழி முழுக்கத் திட்டிய ஆள் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மருத்துவமனையில் டாக்டரம்மா தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், உடனே தொடையில் வீக்கத்தை இறக்கும் அட்ரினலின் ஊசி போட்டார். கேள்விகள் அதற்கப்புறம்தான்.

"தோலுக்கு அடியில நீர் கோத்து வர்ற வீக்கம் இது. சாப்பாடு, பூச்சிக்கடி, மருந்து, கிருமி, எதனாலயும் வரலாம். சில குடும்பத்துல பரம்பரையாவும் வரும், அதுக்கு வைத்தியமே வேற. மருந்து ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்லவே இல்ல. மருந்துக்கடை வச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? முந்திரிதான் டாக்டர்."

"முன்னாடி முந்திரி சாப்பிட்டிருக்காளா?"

"வாரம் தவறாம."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "காய்ச்சல் இருந்துச்சா?"

"லேசா. இன்னிக்குக் காலையில ஒரு கரண்டி குடுத்தேன், இறங்கிடுச்சு."

"எதுல ஒரு கரண்டி?"

"ஐபுப்ரோஃபென்."

"அது மருந்து இல்லாம சர்க்கரைத் தண்ணியா?"

"போன மாசம் குடுத்தப்பவும் இமை உப்பியிருந்துச்சு டாக்டர். கொசுக்கடின்னு நினைச்சேன்."

"மருந்துக்கடை வச்சிருக்கீங்க!" என்று டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "பரிசோதனை முடியற வரைக்கும் இதுவும் வேண்டாம், இதே வகை வலி மருந்து எதுவும் வேண்டாம். வீக்கம் திரும்பி வரலாம், அதனால இன்னிக்கு இங்கயே இருக்கட்டும்."

மகள் நர்ஸிடம் ஊசியின் நீளத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கத் தொடங்கியிருந்தாள். மூச்சு சீராகிவிட்டது. அவர் வெளியே வந்தார்.

அக்கா பெஞ்சில், பிள்ளையின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, பிஸ்கட் இல்ல. நான் குடுத்த மருந்துதான்."

"மூச்சு?"

"நல்லா விடறா. பேசறா."

அப்போதுதான் அக்கா அழுதாள். "வண்டி ஓட்டினதே தெரியல தம்பி. நானே பிள்ளையக் கொன்னுட்டேன்னு நினைச்சுக்கிட்டே வந்தேன்."