ஒரே பாறை

ராகலைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் எனக்குப் பாராட்டு விழா. மாலை, பொன்னாடை, வடை எல்லாம் உண்டு. இமயமலையின் ஒரு மூலையில் முதன்முதலாகப் பனியாறு எப்போது இறங்கியது என்று கண்டுபிடித்தவள் நான். எல்லாரும் நினைத்திருந்ததைவிட மிகப் பழைய காலம். பக்கத்து நாற்காலியில் கிஷாந்த். ஒரே லயத்தில், அடுத்தடுத்த அறைகளில் வளர்ந்து, ஒன்றாகப் படித்து, அந்த மலைக்கும் என்னோடு வந்தவன்.

பனியாறு சுமந்துவந்து போட்டுவிட்டுப் போன கல்லில், அன்றிலிருந்து வானத்துக் கதிர்கள் தடம் பதிக்கும். அதை அளந்தால் பனி வந்துபோன காலம் தெரியும். அந்தக் கற்கள் மேல்முகட்டில் கிடந்தன. உயரம் ஒத்துக்கொள்ளாமல் நான் கூடாரத்தில் சுருண்டு கிடந்ததால் கிஷாந்த் மட்டும் ஏறினான். ஐந்து கற்களிலிருந்து சில்லுகள் செதுக்கி வந்தான். ஐந்தும் ஒரே வயதைக் காட்டின. அந்த ஒற்றுமையைத்தான் எல்லாரும் மெச்சினார்கள்.

விழாவில் அவன் கொண்டுவந்த, நான் அதுவரை பார்த்திராத வீடியோவைத் திரையில் போட்டார்கள். உளியும் சுத்தியலுமாகப் பாறையைக் கொத்துகிறான். கூட்டம் விசிலடித்தது. அவன் முதுகுக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில், எங்கள் சிவப்புக் கூடாரம்.

கிஷாந்தின் பக்கம் குனிந்தேன்.

"டேய், இது கூடாரத்துக்குப் பக்கத்துப் பாறைடா. நீ மேல போகவே இல்லையா?"

"மெதுவா பேசு. அந்தக் குளிர்ல யாரு ஏறுறது? ரோட்டோரத்துலயே கொழுந்து இருக்கறப்ப எதுக்கு மலை உச்சிக்குப் போகணும்? அஞ்சும் ஒத்துப்போச்சுல்ல, விடு."

"ஒரே பாறையில அஞ்சு தடவ கொத்துனா ஒத்துப்போகாம என்ன செய்யும்? அதப் பனி கொண்டாரவே இல்லடா. பனி வர்றதுக்கு முந்தியே அது அங்கதான் நின்னுச்சு. அதான் அவ்வளவு பழைய வயசு காட்டிருக்கு."

"யாருக்குத் தெரியப்போகுது?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு யாராக இருந்தாலும் துருவித் துருவிக் கேட்டிருப்பேன். இவன் என்பதால் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டான்.

"அடுத்து நம்ம நிலக்ஷி பேசுவாங்க" என்றார் விழாத் தலைவர் செல்லசாமி.

கிஷாந்த் என் கையைப் பிடித்தான். "சொல்லிறாத. ஒம்பேரும் சேர்ந்துதான் நாறும்."

எனக்கும் அது தெரியும். கையை உதறிவிட்டுப் போய் மைக்கைப் பிடித்தேன்.

"இந்தப் பொன்னாடை கிஷாந்துக்குத்தாங்க சேரணும். அந்த வயசு கெடச்சதுக்கு இவன்தான் காரணம். இங்க வாடா."

வந்தான். தோளில் போர்த்தினேன். மண்டபமே கைதட்டியது. "தேங்ஸ்" என்று காதோரம் முணுமுணுத்தான்.

கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தேன்.

"எப்படிக் கெடச்சதுன்னு இப்பச் சொல்றேங்க" என்றேன்.