வலது பக்கக் கொப்புளங்கள்

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் டீச்சருக்கு ஒரே ஒரு விஷயம்தான் ஜீரணமாகவில்லை. அவளுக்கு 'அவர்' ஆக இருக்கும் மனிதர், நாத்தனாருக்கு மட்டும் 'அவன்'. "அண்ணன் இருக்கானா?" என்று கேட்டுக்கொண்டேதான் வாசலில் செருப்பைக் கழற்றுவாள். இரண்டு பிள்ளை பெற்று முன்தலை நரைத்த பிறகும் அவள் அவருக்குக் 'குட்டி'தான். குட்டி தும்மினால் போதும், அச்சகத்தைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். டீச்சர் காய்ச்சலில் சுருண்டு கிடந்தால் மாத்திரை வாங்கி மேசையில் வைப்பார். குறை சொல்ல முடியாது, வைப்பார்.

அந்த மனிதர் இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைவில்லாமல் கிடந்தார். கரண்டு போன ஒரு சாயங்காலம், சாரலுக்காக சன்னலைச் சாத்திவிட்டு, ஜெனரேட்டரை அச்சகத்தின் பின்னறைக்குள்ளேயே ஓடவிட்டு வேலை பார்த்திருக்கிறார். புகை ஆளைச் சாய்த்துவிட்டது. மறுநாள் காலையில் வேலைக்கு வந்த பைண்டர்தான் தரையில் கிடந்தவரைப் பார்த்து இங்கே தூக்கி வந்தார். எழுந்திருப்பாரா என்று கேட்டால், பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள்.

வார்டில் துணைக்கு ஒருவர்தான் இருக்கலாம். பெண்டாட்டி குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அந்த நாற்காலி வேறு யாருக்கு? ஆனால் டீச்சர் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவதற்குள் நாத்தனார் அதில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு சின்ன வயசுக் கதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தாள். நர்ஸ் வேறு, "நீங்க பேசினா இமை அசையற மாதிரி இருக்கு, பேசுங்க" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள். டீச்சரும் பேசிப் பார்த்தாள். வீட்டைப் பூட்டிவிட்டு வந்ததைச் சொன்னாள், கேஸ் சிலிண்டர் வந்ததைச் சொன்னாள். அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. இமை அசையவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம், ஆள் மாற வந்த டீச்சர் போர்வையை விலக்கியபோதுதான் பார்த்தாள். வலது கணுக்காலில் ஒரு கொப்புளம், நீர் கோத்துப் பளபளவென்று இருந்தது. முட்டியின் பக்கவாட்டில் இன்னும் பெரிதாக ஒன்று. "கால் ஜில்லுனு இருக்கு" என்று நாத்தனார் முந்தின நாள் வெந்நீர்ப் பை வைத்தது ஞாபகம் வந்தது. டீச்சர் பதறினாள், பொய் சொல்லக் கூடாது, நிஜமாகவே பதறினாள். ஆனால் அந்தப் பதற்றத்துக்கு அடியில், மாட்டினாளா என்று ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது.

"சுட்டுட்டியே. உன் பாசத்தைக் கொண்டு போய் உடைப்புல போடு. நினைவில்லாத மனுஷன் சுடுதுன்னு வாயைத் திறந்து சொல்லுவாரா?"

"துணியில சுத்தித்தான் வெச்சேன் அண்ணி. என் கையில வெச்சுப் பார்த்துட்டுத்தான்..."

"டாக்டர் வரட்டும். உன்னை இனிமே உள்ளயே விடக் கூடாதுன்னு சொல்லிடறேன்."

ஒன்றுக்கு நாலாகத் திருப்பிக் கொடுக்கிறவள் நாத்தனார். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். டீச்சருக்கு அது இன்னும் தெம்பைக் கொடுத்தது.

டாக்டரம்மா வந்தாள். டீச்சர் முழுக் குற்றப்பத்திரிகையையும் வாசித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, நோயாளியின் வலது கையை எடுத்து விரல்களை விரித்துக் காட்டினாள். இடுக்கிலும் சின்னச் சின்னதாகக் கொப்புளங்கள்.

"பை எங்க வெச்சீங்க?"

"பாதத்துல," என்றாள் நாத்தனார்.

"பாதத்துல ஒண்ணுமே இல்லையே. இது சூடு பட்டு வந்தது இல்லம்மா. புகை ஏறி நினைவு தப்பினவங்களுக்கு இப்படி வரும். நாம தூக்கத்துல நமக்கே தெரியாம புரண்டு படுப்போம். இவரால முடியல. தரையில அழுந்தின இடத்துல எல்லாம் இப்பக் கொப்புளம் கிளம்பியிருக்கு. உடைக்காதீங்க, தானா ஆறிடும். பையை மட்டும் இனிமே வைக்காதீங்க, அது வேற வம்பு." குறிப்பு எழுதிக்கொண்டே கேட்டாள். "ராத்திரி முழுக்க அங்கயே கிடந்தாரா? வீட்டுல யாரும் தேடலையா?"

சாதாரணமாகக் கேட்டதுதான். டீச்சர் போர்வையை இழுத்து அவர் காலை மூடினாள்.

தேடவில்லை. அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போனதும் போனைக் கையில் எடுத்தாள். அவர் குட்டி வீட்டில்தான் இருப்பார், அங்கேயே தின்றுவிட்டுத் தூங்கட்டும் என்று கீழே வைத்துவிட்டாள். என் புருஷன் அங்கே இருக்கிறாரா என்று அவளிடம் போய்ப் பல்லைக் காட்ட வேண்டுமா? வீறாப்பாக விளக்கை அணைத்துப் படுத்தாள். தூங்கியும் விட்டாள். நாலு தெரு தள்ளி அவர் சிமெண்டுத் தரையில் வலது பக்கமாகக் கிடந்தார்.

பதிலுக்குக் காத்திராமல் டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போனாள். நாத்தனார் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நீங்களே இருங்க அண்ணி. பை வெச்சதுக்கு இல்லன்னாலும் நான் இங்க உட்கார லாயக்கு இல்லாதவ." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு வரேன்னு சொல்லியிருந்தான். வரல. நீங்கதான் தடுத்துட்டீங்கன்னு நினைச்சேன். உங்ககிட்டக் கேட்டு வாங்கிக் கட்டிக்கணுமான்னு போனையே எடுக்கல. ஒரு தடவை கூப்பிட்டிருந்தாப் போதும், அண்ணன் இப்படிக் கிடந்திருக்க மாட்டான்."

டீச்சருக்கு அப்போதாவது இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ பொறாமைதான். இதையும் இவளே முந்திக்கொண்டு சொல்லிவிட்டாளே. அழுவதிலும் இவளே முதல். அவர் காதில் விழுந்திருந்தால், மன்னிப்பதும் இவளைத்தான் முதலில் மன்னிப்பார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் நாற்காலி டீச்சருக்கு. நாத்தனார் கதவுவரை போய்விட்டாள்.

"நில்லுடி," என்றாள் டீச்சர்.

பிறகு கட்டில் பக்கம் திரும்பி, அவர் காதில் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னாள். "நானும் கூப்பிடலைங்க. அவ வீட்டுல இருப்பீங்கன்னு வயிறெரிஞ்சு படுத்துட்டேன்."