நூல் கட்டாத பீடி

இருட்டு விலகி, காவிரிக்கு அக்கரையில் கோயிலின் மொட்டைக் கோபுரம் கண்ணுக்குத் தெரியுமுன்பே, சிந்தாமணி பீடிக் கடையில் நாங்கள் இருபத்திரண்டு பேரும் முறத்தை மடியில் ஏற்றியிருப்போம். ஈர இலையில் தூளை வைத்துச் சுருட்டி, தலையை மடக்கி, நூல் கட்டும் வேலை. இருமல் தவிர வேறு சத்தம் இருக்காது.

சுவரோரம் ஒரு முறம் சும்மா கிடந்தது. அது எங்கள் சங்கத் தலைவர் அடைக்கலத்துடையது. நெஞ்சு நோயில் அவர் போய் நாற்பது நாளாகியும் யாரும் அதைத் தொடவில்லை. கோபம் வந்தால் அவர் கத்த மாட்டார்; நூல் கட்டாமல் பீடியை வைத்துவிடுவார். எடுத்தால் தூள் கொட்டும். முதலாளி இறங்கி வருவார்.

அரிசி கிடைக்காத அந்த அறுபத்தாறில் முதலாளி ஆயிரம் பீடிக்கு நாலணா குறைத்தார். போய்க் கேட்கத் தலைவர் இல்லை. எங்களில் பெரியண்ணனும் சின்னையனும் தலைவர் போட்டிக்கு நின்றார்கள், ஆளுக்கொரு கட்சிக் கொடியோடு.

"பெரியண்ணன் வந்தா என்ன, சின்னையன் வந்தா என்ன? ரெண்டு பேரும் எங்க உலைக்கு அரிசியாவீங்களா?" என்றாள் செல்லக்கிளி.

முதலாளி படியில் நின்று சிரித்தார். "முதல்ல யாரு தலைவர்னு முடிவு பண்ணிட்டு வாங்க. அப்புறம் கூலியப் பேசலாம்."

"அதுவரைக்கும் புள்ளைங்க எதைத் திங்கும் முதலாளி?" என்று கேட்டாள் அமிர்தம், அடைக்கலத்தின் மனைவி.

"அடைக்கலம் இருந்தா இப்படிப் பேச மாட்டாரும்மா."

"அவரு எப்ப பேசினாரு?"

பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. அதனால் ஆளுக்கொரு பீடியை ஓட்டாக ஒரு பானையில் போட்டோம். பெரியண்ணனுக்குச் சிவப்பு நூல், சின்னையனுக்குப் பச்சை நூல். மதியம் எங்களில் மூத்தவரான ஷேக் தாவூது பானையைக் கவிழ்த்தார்.

சிவப்பு ஆறு. பச்சை ஐந்து. மீதி பன்னிரண்டில் நூலே இல்லை.

"இருபத்திமூணு பீடி இருக்கு. இருபத்திரண்டு பேருதானே இருக்கோம்?" என்றார் தாவூது மெதுவாக.

எல்லோரும் சுவரோரம் பார்த்தோம். அந்த முறத்தில் ஈரத்தூள் ஒட்டியிருந்ததாகச் செல்லக்கிளி இன்றும் சொல்கிறாள். நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை.

பெரியண்ணன் தன் நூல்கண்டை எடுத்துப் பானைக்குள் போட்டான். சின்னையனும் போட்டான். பிறகு ஒவ்வொருவராக.

மறுநாள் விடியலில் வழக்கம்போல் சுருட்டினோம். முதலாளி ஒரு கை பீடியை அள்ளினார். தூள் வேட்டியெல்லாம் கொட்டியது. அடுத்த முறத்துக்குப் போனார், அதற்கடுத்ததற்கும். எல்லாவற்றிலும் தூள்தான்.

"யாரு உங்க தலைவர்? முன்னால வரச் சொல்லு!"

யாரும் எழவில்லை. கூலி ஏறவில்லை, ஏறுமா என்றும் தெரியாது. கைகள் மட்டும் நிற்காமல் சுருட்டிக்கொண்டிருந்தன.

அப்போது சுவரோரத்திலிருந்து ஓர் இருமல் கேட்டது. முதலாளியும் திரும்பிப் பார்த்தார்.