ஐந்தடிச் சுவர்

அந்த மின்னஞ்சல் வந்தபோது அவள் கூடத்தில் முழங்காலிட்டு, இடது முழங்கையைச் செருப்பு அலமாரிமேல் ஊன்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு போனைப் பிடித்திருந்தாள். கயிற்றில் முடிச்சுப் போட்டுச் சுவர்த் தொங்கல் செய்பவள் அவள். தெருப் பிள்ளைகளுக்குக் கயிறு அக்கா. முடிந்த ஒவ்வொரு தொங்கலையும் ஜன்னலுக்கும் சமையலறை வாசலுக்கும் நடுவிலிருந்த ஐந்தடிச் சுவரில் மாட்டிப் படமெடுத்து இணையத்தில் போடுவாள். வீட்டில் வண்ணம் கண்ட சுவர் அது ஒன்றுதான். போனை ஒரு விரல் அகலம் இடப்பக்கம் நகர்த்தினால் பெயர்ந்த பூச்சு தெரியும். வலப்பக்கம் நகர்த்தினால் சுவிட்ச் இல்லாத பெட்டியிலிருந்து மின்கம்பி நாக்கை நீட்டும். மூன்று வருடமாக இந்த முழங்காலும் முழங்கையும் தவறியதில்லை.

அனுப்பியிருந்தது வீட்டு அலங்காரப் பத்திரிகை ஒன்று. இரண்டு நாள் முன்னால் அவர்கள்தான், உங்கள் படங்களைப் பார்த்தோம், வீடு முழுவதுமே இப்படித்தானா என்று கேட்டிருந்தார்கள். தலைகால் புரியாத சந்தோஷத்தில் அவள் யோசிக்காமல், ஆமாம், மூன்று வருடமாக இப்படித்தான் என்று தட்டி அனுப்பிவிட்டாள். இப்போது பதில். அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் புகைப்படக்காரர் வருகிறார். நான்கு பக்கம், நான்கும் வண்ணப் பக்கம். அவள் அதை நான்கு தடவை படித்தாள். எழுந்து நின்று ஒரு சுற்றுச் சுற்றினாள். சுற்றும்போதுதான் மற்ற மூன்று சுவரும் கண்ணில் பட்டன. மெதுவாக மறுபடி உட்கார்ந்தாள்.

அவள் கணவர் பெயின்டர். ஊரில் பாதி வீட்டுக்கு அவர் கை பட்டிருக்கிறது. இந்த வீட்டுக்குக் குடிவந்த மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதிரிக்கு என்று இந்த ஐந்தடியை மட்டும் அடித்துவிட்டு, மிச்சத்தை அடுத்த வாரம் பார்ப்போம் என்றார். அந்த அடுத்த வாரம் இன்னும் வந்தபாடில்லை. ஆறு நாள் அடுத்தவர் சுவரைப் பார்ப்பவருக்கு ஏழாம் நாள் பிரஷ்ஷைப் பார்த்தாலே கொட்டாவி வரும். அவளும் முதல் வருடம் சண்டை போட்டாள், இரண்டாம் வருடம் பேசாமல் இருந்தாள், மூன்றாம் வருடம் படத்தின் ஓரத்தை வெட்டுவதோடு திருப்திப்பட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் அவர் வந்ததும் போனை நீட்டினாள். அவர் நின்றபடியே படித்தார்.

"வீடு முழுக்கன்னா எழுதின?"

"ஆமா."

"மூணு வருஷமாவா?"

"ஆமாங்க. கை தானா எழுதிடுச்சு."

அவர் கவிழ்த்துப் போட்டிருந்த வாளிமேல் உட்கார்ந்து இருமல் வரும்வரை சிரித்தார். இல்லை என்று எழுதிவிடலாமா என்று அவள் கேட்டாள். அவர் எழுந்துபோய்ப் பெயர்ந்த சுவரில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே தடவினார். விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்தார். புது வாடிக்கையாளர் வீட்டில் மட்டும் அவர் செய்கிற காரியம் அது. தன் வீட்டுச் சுவரை அவர் அப்படிப் பார்த்து அவள் கண்டதில்லை. அந்த நிமிடம் அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட வராத படபடப்பு வந்தது.

"எட்டு நாள் இருக்கு," என்றார். "நாளைலேருந்து லீவு சொல்லிடறேன்."

மறுநாள் காலை இரண்டு தெரு தள்ளியிருந்த நாத்தனாரும் வந்து இறங்கினாள். வாய் கொஞ்சம் நீளம், கையும் அதே அளவு வேகம். அண்ணன் சொந்த வீட்டுக்குப் பட்டி பார்க்கிற அதிசயத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றாள், பார்த்ததும் போகாமல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உப்புத்தாளைக் கையில் எடுத்தாள். முதல் மூன்று நாள் பழைய பூச்சைச் சுரண்டல், குழிகளைப் பட்டிமாவால் நிரப்பல், தேய்ப்பு. பேச வாயைத் திறந்தால் மாவு புகுந்தது. மூவர் தலையும் ஒரே நாளில் நரைத்தன. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தபடியே சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், மறுபடி எழுந்து தேய்த்தார்கள்.

நான்காம் நாள்தான் நிஜமான சிக்கல். மூன்று வருடமாகப் படங்களில் வந்த அந்த நிறம் எந்தக் கடை அட்டையிலும் இல்லை. இருக்கவும் முடியாது. அது டாக்டர் வீட்டுப் படுக்கையறையில் மிஞ்சிய மஞ்சள், பள்ளிக்கூட வராந்தாவில் மிஞ்சிய பச்சை, தையல் கடையின் வெள்ளை, இன்னும் எந்தெந்த வீட்டிலோ டப்பா அடியில் தங்கியது எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டிக் கலக்கியது. எவ்வளவுக்கு எவ்வளவு என்று அவர் எழுதிவைக்கவில்லை. ஊரார் வீட்டு அளவெல்லாம் சட்டைப்பை நோட்டில் இருந்தது, சொந்த வீட்டுக்கு யார் குறிப்பெழுதுவார்கள்?

மஞ்சள், பச்சை, வெள்ளை டப்பாக்கள் வாங்கிவந்து அவர் கலந்தார். அட்டையில் கட்டைவிரல் அளவு பூசினார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் இன்னொரு நிறம் என்பதால் நாத்தனார் முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து ஒவ்வொரு பூச்சையும் காய வைத்தாள். கயிறு அக்கா அட்டையைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, பச்சை ஜாஸ்தி, மஞ்சள் பத்தாது, இது நோயாளி முகம் மாதிரி இருக்கு என்று தீர்ப்புச் சொன்னாள். முடிச்சு வேலையில் பழகிய கண் அது, ஏமாறாது. பதினோராவது அட்டையைச் சுவரில் வைத்தபோது அட்டையின் விளிம்பு மட்டும் தெரிந்தது, நிறம் சுவருக்குள் போய்விட்டது.  பிறகு நாத்தனார் கருவியைத் தூக்கிக் காற்றில் ஆட்டிக்கொண்டு கூடம் முழுக்க ஓடினாள்.

கூடத்துக்கு ஆன அந்த வாளி அடுத்த அறைக்குப் போதவில்லை. அடுத்த வாளி ஒரு நூல் வெளுப்பாக வந்தது, அதற்கடுத்தது ஒரு நூல் அடர்த்தி. கூடம், சமையலறை, இரண்டு அறை என நான்கு இடமும் உடன்பிறந்தவர் நால்வர் முகம்போல ஒன்றாகவும் இருந்தன, ஒன்றாகவும் இல்லை. இனி மாற்ற நேரமில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசி மூலைக்கு ரோலரை ஓட்டி, காலிப் பெட்டியில் சுவிட்சும் பொருத்திவிட்டு அவர் ஏணியிலிருந்து இறங்கினார். அவள் தன் தொங்கல்களை அறைக்கு இரண்டாக மாட்டினாள். நடுவீட்டில் நின்று பார்த்தபோது வேறு யாரோ வசதியானவர் வீட்டுக்கு விருந்துக்கு வந்ததுபோல் இருந்தது. எதைத் தொடவும் கூச்சமாக இருந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே புகைப்படக்காரர் வந்தார். ஐம்பதை ஒட்டிய பெண், தட்டையான செருப்பு, கழுத்தில் கேமரா. அதிகம் பேசவில்லை. அறை அறையாக நடந்தார், ஜன்னலை ஒரு சாண் மூடினார், நாற்காலியை நகர்த்தினார், படமெடுத்தார். ஒவ்வொரு கிளிக்குக்கும் அவளுக்கு உள்ளே ஒன்று துள்ளியது. நாத்தனார் சமையலறை வாசலில் நின்று விரலில் எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

கடைசியில் அந்த அம்மாள் கேமராவை இறக்கி, சுவிட்சைச் சுற்றியிருந்த சுவரைக் கிட்டத்தில் பார்த்தார்.

"மூணு வருஷம்னு எழுதியிருந்தீங்க. ஒரு கைரேகைகூட இல்லையே. எப்படிங்க இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்க?"

"அண்ணி தினமும் துடைப்பாங்க," என்றாள் நாத்தனார், கண் இமைக்காமல். "ஒரு நாள் விட மாட்டாங்க."

அந்த அம்மாள் தலையசைத்துக் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். அவ்வளவுதான், தப்பித்தாயிற்று. அவள் சிரிக்கத் திரும்பியபோது கணவர் தெரிந்தார். துவைத்த சட்டையும் வாரிய தலையுமாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். சுண்ணமும் உப்புத்தாளும் தின்ற கை, விரல் மடக்கினால் வெடிப்பில் இரத்தம் கசியும். எட்டு நாள் முழுக்க அந்தக் கை நிற்கவில்லை. அதெல்லாம் இப்போது ஒரு ஈரத் துணியின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"துடைக்கலைங்க," என்றாள். "போன வாரம் வரைக்கும் இந்தச் சுவர் ஒண்ணுதான். இந்த அஞ்சடி மட்டும். மத்ததெல்லாம் நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சப்புறம் இவர் செஞ்சது. நான் எழுதினது பொய்."

நாத்தனார் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அந்த அம்மாள் நான்கு சுவரையும் மறுபடி பார்த்தார்.

"எட்டு நாள்லயா? யார் யார் செஞ்சீங்க?"

"நாங்க மூணு பேரும்தான்," என்றார் பெயின்டர்.

பத்திரிகை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போனோடு தெருவுக்குப் போனார். மூவரும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டார்கள். பேச்சு கேட்கவில்லை. அந்த அம்மாள் வீட்டின் வெளிச்சுவரை ஒட்டியே முன்னும் பின்னும் நடந்து பேசினார். நடுவில் நின்று, நகத்தால் சுவரைக் கீறினார். உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து காலடியில் விழுந்தது. அப்போதுதான் மூவருக்கும் உறைத்தது. எட்டு நாளில் வெளிப்பக்கம் ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை. பிறகு அந்த அம்மாள் போனைப் பையில் போட்டுக்கொண்டு நேராகத் தன் காரைப் பார்த்து நடந்தார். போச்சு என்றாள் நாத்தனார். கயிறு அக்கா ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கார் கிளம்பவில்லை. பின்கதவு திறந்தது. முக்காலி ஒன்று வெளியே வந்தது, அடுத்து விளக்கு ஒன்று, இன்னொன்று. அந்த அம்மாள் முக்காலியைத் தெருவில் நிறுத்தி, கேமராவை வெளிச்சுவரைப் பார்த்துத் திருப்பினார்.

"ஏணி இருக்குல்ல?" என்று அங்கிருந்தே கேட்டார். "எடுத்துட்டு வாங்க. பெயின்ட் அடிக்கிற பழைய சட்டையைப் போட்டுக்கிட்டு. நீங்க மூணு பேரும் அடிக்கிறதைத்தான் ஆசிரியர் கேக்கறார்."

"உள்ளே அடிக்கிற பெயின்ட்டுங்க, வெளியில ஒரு மழைகூடத் தாங்காது," என்றார் பெயின்டர். தொழில் அவரை விடவில்லை.

"மழை வந்தா திரும்ப அடிப்போம்," என்றாள் அவள், ஏற்கெனவே பாதி வழி ஓடிக்கொண்டே.

டப்பாக்களில் மிஞ்சியிருந்ததை எல்லாம் அவளே வாசலுக்குக் கொண்டுவந்து பெரிய வாளியில் கவிழ்த்தாள். மஞ்சள், பச்சை, வெள்ளை, பதினோரு முயற்சியில் தோற்றுப்போன பத்தும். குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக் கலக்கினாள். நிறங்கள் ஒன்றை ஒன்று துரத்தின. ஏணியைத் தோளில் சாய்த்தபடி அவர் குனிந்து பார்த்தார், நாத்தனாரும் குனிந்தாள், கேமராவும் குனிந்தது. என்ன கலர் வரும் அண்ணி என்று நாத்தனார் கேட்டாள். அண்ணி வேகத்தைக் குறைக்கவில்லை. மஞ்சள் கோடு ஒன்று மட்டும் இன்னும் கலக்காமல் குச்சியின் பின்னாலேயே வட்டமாக ஓடிக்கொண்டிருந்தது.