காலி அறையின் ஒரு நிமிஷம்

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் முதலில் எழுந்தவர் தன்னைப் பல் டாக்டர் என்று சொல்லிக்கொண்டார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு பொம்பள வீட்டுக்குள்ளயே நடக்குது, பீரோவத் திறக்குது, மூடுது. தொண்ணூறு நிமிஷம். இதுக்கு நான் எங்க வீட்டுலயே இருந்திருப்பேன். அங்கயும் அதான் நடக்குது."

அரங்கில் சிரிப்பு. மேடையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த என் தம்பியும் சிரித்தான். அது அவன் எடுத்த முதல் படம். அறுபது பேர் கொள்ளும் அந்தச் சின்ன அரங்கில் நாற்பது பேர் வந்ததே அவனுக்குப் பெரிய விஷயம்.

அடுத்து ஒரு பள்ளி ஆசிரியை எழுந்தார். டாக்டர் பக்கம் திரும்பி, "சார், உங்களுக்குக் கேக்கலையா?" என்றார்.

"என்னம்மா கேக்கணும்?"

"தெரியல. ஆனா ஆரம்பத்துலேர்ந்து என் பின்னாடி யாரோ உக்காந்து ஏதோ சொல்லிட்டே இருந்தாங்க. ரெண்டு தடவ திரும்பிப் பார்த்தேன்."

"பின்னாடி நான்தாங்க இருந்தேன்," என்றது ஒரு குரல். "நான் நல்லாத் தூங்கிட்டிருந்தேன்."

மறுபடியும் சிரிப்பு. ஆனால் இந்த முறை பாதிப் பேர் சிரிக்கவில்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பையன் தன் பின்கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

நான் கேட்காதவர்கள் பக்கம்தான். எனக்கு எதுவும் கேட்கவில்லை. நான் சத்தத்தைக் கவனிக்கவே இல்லை. படம் எடுத்தது எங்கள் வீட்டில். திரையில் என் கோப்பையும் காது உடைந்த என் சர்க்கரை டப்பாவும் வந்தன. என் சாம்பல் நிறச் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு நடிகை என் ஜன்னலருகே நின்றாள். அவளுக்குப் பின்னால் திரைச்சீலையில் ஒரு கொக்கி கழன்று தொங்கியது. தைக்க வேண்டும் என்று அந்தத் தொண்ணூறு நிமிஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் தம்பி கேட்டான். "அக்கா, நீ எந்தக் கட்சி?"

"என்னடா கட்சி?"

"கேட்ட கட்சியா, கேக்காத கட்சியா? ஊரே ரெண்டாக் கிழிஞ்சு கெடக்கு. சத்தியமா நாங்க ஒண்ணும் வெக்கல. ஏதோ தானா வந்திருக்கு." சொல்லும்போது அவன் முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

பத்தொன்பது நாள் அவர்கள் எங்கள் வீட்டில் படம் எடுத்தார்கள். போன பிறகும் தரையில் வெள்ளை ஒட்டுநாடாவில் சின்னச் சின்னச் சிலுவைகள் மிச்சமிருந்தன. நடிகை வந்து நிற்க வேண்டிய இடங்கள். உரித்துவிடலாம் என்று நினைத்து உரிக்காமலே விட்டிருந்தேன். இப்போது பாத்திரம் துடைக்கும்போதும் ஃபோன் பேசும்போதும் குனிந்து பார்த்தால் என் கால் ஏதாவது ஒரு சிலுவைமேல் இருந்தது. எதுவும் அவளுக்காக யோசித்து வைத்த இடமில்லை போலிருக்கிறது. தம்பி என்னைப் பார்த்துத்தான் குறித்திருக்கிறான்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. வருகிறவர்களை உட்காரவைத்து, கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பேன். பலர் உண்மையைச் சொல்வதில்லை என்று முதல் வருஷத்திலேயே தெரிந்துகொண்டேன். என்னைச் சந்தோஷப்படுத்த ஒரு பதில் சொல்வார்கள். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து ஒரு பதில் சொல்வார்கள். 'எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது' என்று சொல்கிறவர் நூற்றில் ஒருவர்.

மத்தியான இடைவேளையில் படத்தைப் பற்றி எழுதியிருந்ததை ஃபோனில் படித்தேன். 'தூக்க மாத்திரைக்கு மாற்று' என்று ஒருவர். 'பார்த்த அன்றிலிருந்து என் வீட்டு அலமாரியைத் திறக்க முடியவில்லை' என்று ஒருவர். ஒரு பெண் நீளமாக எழுதியிருந்தாள். அந்த வீட்டுக்காரி எப்போதோ செத்துவிட்டாள், வீட்டுக்கு மட்டும் இன்னும் அது தெரியாது, அதனால்தான் யாரும் அவளிடம் பேசுவதில்லை என்று. அதற்கு இருநூறு பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். என் சமையலறையின் படத்துக்குக் கீழே.

தம்பி அனுப்பிய பிரதி ஃபோனில் இருந்தது. காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கடையின் பின்னறையில், பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து பார்த்தேன். எட்டாவது நிமிஷம், நடிகை ஒன்றும் பேசாமல் ஜன்னலருகே நிற்கும் இடம். சத்தத்தை முழுக்கக் கூட்டினேன்.

ஒரு முணுமுணுப்பு. வார்த்தை இல்லை. மூச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒன்று. அது நின்றது, மூக்கை உறிஞ்சியது, மறுபடி ஆரம்பித்தது.

அந்த உறிஞ்சலை எனக்குத் தெரியும். கை தானாக என் மூக்குக்குப் போயிருந்தது.

படத்துக்கு ஒலிப்பதிவு செய்தவனை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் அறை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. போய் விஷயத்தைச் சொன்னேன். என்ன கேட்டது என்று மட்டும் சொன்னேன், யார் என்று சொல்லவில்லை.

"அது ரூம் டோன், அக்கா," என்றான். "எந்த அறையும் சும்மா இருக்காது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு இரைச்சல் இருக்கும். ஆளுங்கள எல்லாம் வெளிய அனுப்பிட்டு அந்தக் காலி அறையக் கொஞ்ச நேரம் பதிஞ்சு வெச்சுப்போம். அப்புறம் பேச்சு இல்லாத இடத்துலயெல்லாம் அத அடியில விரிச்சிடுவோம். இல்லன்னா படம் செத்துப்போன மாதிரி இருக்கும்."

"எப்போ பதிஞ்சீங்க?"

"கடைசி நாள், மத்தியானம். எல்லாரையும் எண்ணி வெளிய அனுப்பினேன். பதினோரு பேரு. மைக்க அந்தச் சாமான் அறைக் கதவுகிட்ட வெச்சேன், அங்கதான் தெருச் சத்தம் வராது. ஒரு நிமிஷத்துலயே பேட்டரி போயிடுச்சு. இருந்த அந்த ஒரு நிமிஷத்தத்தான் தொண்ணூறு தடவ போட்டிருக்கேன்."

பதினோரு பேர். நான் அந்தக் கணக்கில் இல்லை. அன்று தலைவலி என்று கடையிலிருந்து சீக்கிரம் வந்து, பின்கதவு வழியாக நுழைந்து, நேரே சாமான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வீட்டுக்காரியை யார் எண்ணுவார்கள்?

அவன் திரையில் எதையோ இழுத்தான், எதையோ குறைத்தான். இரைச்சல் உரித்த தோல் மாதிரி விலகியது. அறைக்குள் என் குரல் வந்தது.

'நான் போறேன். உங்க மேல கோபம் இல்ல. நான் போறேன்.'

ஒரு உறிஞ்சல். பிறகு அதே வரிகள். காது மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். உடனே பார்வையை எடுத்துவிட்டான். நல்ல பையன்.

காரணம் கேட்டால் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. என் கணவர் குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை. கல்யாணமாகி இருபத்தொரு வருஷம் ஆன பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது நான் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திப் பார்த்தேன். மீதி என்ன என்று அவர் கேட்கவில்லை. மறுநாளும் நிறுத்தினேன். பல மாதம் அந்த விளையாட்டை நான் மட்டும் விளையாடினேன். பிறகு ஒருநாள் சாமான் அறையில், பழைய பெட்டிமேல் உட்கார்ந்து, ஒரு வாக்கியத்தையாவது முழுதாகச் சொல்லப் பழகிக்கொள்ள ஆரம்பித்தேன். தினமும் சொன்னேன். வெளியே வந்ததும் அது தொண்டையைத் தாண்டாது. இப்படியே ஒரு வருஷம் போயிருந்தது.

"வெள்ளிக்கிழமை நெட்ல ஏத்தறாங்க," என்றான் காது. "அதுக்குள்ள நான் தொடச்சு எடுத்துடறேன்கா. உங்க தம்பிக்குக்கூடச் சொல்ல வேணாம்."

"வேற யாருக்காவது வார்த்தை புரியுமா?"

"இந்த மெஷின் இல்லாம புரியாது." கொஞ்சம் யோசித்தான். "ரொம்பப் பழகின காதா இருந்தாத்தான்."

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மூன்றாவது மாடியில் நின்றபடியே ஏழாவது மாடியில் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்போது அவர் தலை இடது பக்கம் லேசாகச் சாயும், யாரோ கூப்பிட்ட மாதிரி. முதல் காட்சிக்கு வேலை இருந்ததால் அவர் வரவில்லை. வியாழக்கிழமை மத்தியானக் காட்சிக்கு வருவதாகத் தம்பியிடம் சொல்லியிருந்தார்.

"எடுத்துடுங்க," என்றேன். "வெள்ளிக்கிழமைக்கு."

வியாழக்கிழமைக்குள் முடியாதா என்று நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அவருக்குக் கேட்டுவிட்டால் என் ரகசியம் போய்விடும் என்று பயமாக இருந்தது. அது உண்மை. அது அவர் காதில் விழ வேண்டும் என்று எனக்கு ஆசையாகவும் இருந்தது. அதுவும் உண்மை.

வியாழக்கிழமை அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன். நான் படம் பார்க்கவில்லை. அவர் முகத்தில் விழுந்த படத்தின் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு அவர் கன்னத்தில் நீலமாக நகர்ந்தது. அவள் நடந்தாள், பீரோவைத் திறந்தாள், மூடினாள். என் குரல் எங்களுக்கு அடியில் தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. இப்போது எனக்கு அது ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது. எப்படி இத்தனை பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இருந்தது. முன்வரிசையில் ஒரு பெண் கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

நடிகை சாமான் அறைக் கதவைத் திறக்கும் காட்சி வந்தது. உள்ளே யாரும் இல்லை. பெட்டி மட்டும். என் பெட்டி.

அவர் தலை அசைந்தது. இடது பக்கமா, வெறுமனே கழுத்து வலியா, தெரியவில்லை.

விளக்கு எரிந்ததும் தம்பி மேடையேறி, "கேட்டவங்க மட்டும் கை தூக்குங்க," என்றான். இது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. பாதி அரங்கு கை தூக்கியது. தூக்காதவர்கள் அவர்களைக் கிண்டல் செய்தார்கள். "உங்களுக்கெல்லாம் ஈ.என்.டி. டாக்டர் வேணும்." "உங்களுக்கெல்லாம் மனசாட்சி வேணும்."

அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தார். நானும்.

"மாமா, உங்களுக்குமா கேக்கல?" என்றான் தம்பி வாசலில். "லிஃப்டு பேசினாக்கூடக் கேக்குமே உங்களுக்கு."

"வீடு நல்லா வந்திருக்கு," என்றார் அவர். "அந்தத் திரைச்சீலைக் கொக்கி ஒண்ணு கழண்டிருக்கு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குள் ஏதோ கெட்டியாகிக்கொண்டே வந்தது. நாலு மாடிக்கு அப்பால் ஒரு உருளை தேய்வது கேட்கிற காது. முன்பின் தெரியாத ஒரு ஆசிரியை திரும்பித் திரும்பிப் பார்த்தாரே. மறுநாள் காலை கடைக்குப் போனதும் காதுக்கு ஃபோன் செய்தேன்.

"எடுக்க வேணாம். இருக்கட்டும்."

"அக்கா, நல்லா யோசிச்சீங்களா? அப்புறம் எத்தன லட்சம் பேரு..."

"கேக்கறவங்க கேக்கட்டும்."

அன்று மூன்று மணிக்கே கடையை விட்டுக் கிளம்பினேன். இன்று பழக வேண்டாம், நேரே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். சொல்ல வேண்டிய வரி வாயில் தயாராக, வழுவழுவென்று இருந்தது. அவர் ஆறு மணிக்கு வருவார். மூன்று மணி நேரம் அந்த வரியைக் கலையாமல் வைத்திருக்க வேண்டும்.

முன்கதவு பூட்டியிருக்கவில்லை. அவருடைய செருப்பு உள்ளே கிடந்தது, கருவிப் பை பக்கத்தில். சமையலறையில் யாரும் இல்லை. படுக்கையறையில் யாரும் இல்லை. திரைச்சீலையில் அந்தக் கொக்கி மாட்டப்பட்டிருந்தது. "என்னங்க," என்று கூப்பிட்டால் வாயிலிருந்த வரி கலைந்துவிடும் என்று கூப்பிடவில்லை. வீடு திரையில் பார்த்த மாதிரியே இருந்தது, அதே இரைச்சலோடு.

சாமான் அறைக் கதவு சாத்தியிருந்தது.

கதவுக்கு ஒரு அடி முன்னால் தரையில் ஒரு சிலுவை. காது மைக் வைத்த இடமாக இருக்க வேண்டும். அதன்மேல் நின்றேன். உள்ளே ஒரு முணுமுணுப்பு. மூச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒன்று. உள்ளே உட்கார்ந்திருப்பது நான்தான், இன்னும் அந்த மத்தியானத்திலிருந்து வெளியே வரவே இல்லை, கடைக்கும் அரங்குக்கும் போய்வந்தது வேறு யாரோ என்று ஒரு கணம் உறுதியாகத் தோன்றியது.

பிறகு ஒரு இருமல். அவருடைய இருமல்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கதவில் வைத்தேன். மரத்துக்கு அந்தப் பக்கம் அவர் ஒரே வரியைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் தடுக்கும், விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்.

"எப்ப போறே? கோபம் இல்ல. எப்ப போறேன்னு... எப்ப போறே? கோபம் இல்ல. எப்ப போறேன்னு மட்டும் சொல்லு."

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஒரு நிமிஷமாக இருக்கலாம். படத்தில் அவள் இந்தக் கதவைத் திறக்கும்போது உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள். அந்தப் பயத்தோடுதான் கைப்பிடியைத் திருகினேன்.

அவர் என் பெட்டிமேல், முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டு, இடம் போதாத பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை, திடுக்கிடவும் இல்லை. தலை இடது பக்கம் சாய்ந்திருந்தது. உதடுகள் நிற்காமல் அதே வரியின் மிச்சத்தை, அதே தணிந்த குரலில், இப்போது என்னைப் பார்த்துச் சொல்லின.

என் வாயில் தயாராக இருந்த வரி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"சரியாக் கேக்கல," என்றேன். "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."