இருபத்து மூன்றாம் படி

1996 மார்ச் 11, திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்கு, நில அளவை அலுவலகத்தின் மாடிப்படிகள் எல்லோருக்கும் முப்பத்தெட்டாகவும் வரைவாளருக்கு மட்டும் முப்பத்தொன்பதாகவும் இருந்தன. லிஃப்ட் பழுதாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. வரைவாளர் தினமும் படிகளை எண்ணிக்கொண்டே ஏறுகிறவர். அன்று ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு படியிலும் எண் போட்டார். பின்னால் ஏறியவர்கள் இருபத்திரண்டுக்கு அடுத்த படியில் இருபத்து நான்கு என்று எழுதியிருப்பதைப் பார்த்தார்கள். கடைசிப் படியில் முப்பத்தொன்பது என்று இருந்தது. “நடுவுல ஒண்ண முழுங்கிட்டீங்களே, காலைல சாப்பிடலையா?” என்று டைப்பிஸ்ட் கேட்டாள். “எழுதிட்டுத்தாம்மா அடுத்ததுல கால வெச்சேன்” என்றார் அவர், மூச்சு வாங்க.

தலைமை சர்வேயர் தானே இறங்கி வந்து எண்ணினார். அளவைப் புத்தகத்தில், ‘மாடிப்படிகள் 38. வரைவாளர் கூறுவது எண்ணுப்பிழை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்த அலுவலகத்தில் கையெழுத்தான அளவை மாற்ற வேண்டுமானால், யாராவது மனுக் கொடுத்து, இரண்டு சாட்சிகளின் முன் மறுபடி அளந்து, சிவப்பு மையில் திருத்த வேண்டும். இருபத்தாறு வருடங்களில் அவருடைய பக்கங்களில் ஒரு சிவப்புக் கோடுகூட விழுந்ததில்லை. நாற்பத்து மூன்றாம் நாள், வரைபடத்தில் எதையோ உற்றுப் பார்ப்பவர்போல வரைவாளர் மேசையில் குனிந்தார், நிமிரவில்லை. இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றும், அது ஒரே நாளில் வந்ததல்ல, பல வருடங்களாக வளர்ந்தது என்றும், முன்பே தெரிந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றும் மருத்துவமனையில் சொன்னார்கள். படியேறும்போது அவருக்கு மூச்சு வாங்கியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். வயசு என்று நினைத்திருந்தார்கள்.

அடுத்து டெலிபோன் ஆபரேட்டர். மதியச் சாப்பாட்டின்போது டைப்பிஸ்டிடம், “எனக்கு நாப்பது வருதுடி” என்றாள். இருபத்து மூன்றில் வரைவாளர் உட்கார்ந்திருக்கிறாராம், காலை மடக்கி வழிவிடுகிறாராம். அதற்கு அடுத்த படி காலியாக இருக்கிறது, அதில் கொஞ்சம் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத்தான் வருகிறாளாம்.

“டாக்டர்கிட்ட போக்கா.”

“போயி? செத்தவரு வழிவிடுறாருன்னு சொல்லவா? என்னை வேற வார்டுல படுக்க வெச்சிருவாங்க.”

பத்தொன்பதாம் நாள், காதில் ரிசீவரோடு இறந்தாள். மறுமுனையில் இருந்தவர் பத்து நிமிடம் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

டைப்பிஸ்ட், தலைமை சர்வேயரின் மனைவி. வீட்டில் அவரை ‘என்னங்க’ என்பாள், அலுவலக வாசலைத் தாண்டினால் ‘சார்’. ஜூன் மாதம் ஒரு காலையில் அவருக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டைத் தாண்டியதும் அவருடைய கால்கள் மூன்று முறை ஏறின. உடம்பு ஓர் அங்குலம்கூட உயரவில்லை. தெரிந்தவர்களைப் பார்த்ததுபோல இரண்டு முறை தலையசைத்தார். இருபத்து நான்கில் கால் வைத்தபோது சட்டையின் முதுகு நனைந்திருந்தது. எத்தனை படி என்று வீட்டில் கேட்டாள். முப்பத்தெட்டு என்றார். அழாத குறையாக இழுத்துக்கொண்டு போய் ஈசிஜி எடுக்க வைத்தாள். ஒரு குறையும் இல்லை என்று வந்தது. அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் பட்டா மாதிரி எடுத்துக் காட்டினார்.

அவர் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பது அடுத்த வாரம் தெரிந்தது. அதே இடத்தில் அவர் குரலைத் தாழ்த்தி, “இன்னும் திருத்தலப்பா... பாக்கலாம்” என்று காலிப் படிக்கட்டிடம் சொல்வதை அவள் கேட்டாள்.

மறுநாள் காலை அவருடைய மேசைக்கு ஒரு மனு வந்தது. அலுவலக மாடிப்படிகளை மறு அளவை செய்யக் கோரி, விதி எண்ணோடு, பிழையில்லாமல் டைப் அடித்திருந்தது.

“என்னடி இது?”

“ஆபீஸ்ல ‘டி’ போடாதீங்க சார். மனு வந்திருக்கு, அளந்து சொல்லுங்க.”

அடுக்களையில் நின்று அவரால் பொய் சொல்ல முடிந்தது. கையில் அளவைப் புத்தகத்தோடு முடியவில்லை. இரண்டு சாட்சிகள் கூட வர, உரக்க எண்ணிக்கொண்டே ஏறினார். இருபத்திரண்டில் சற்று நின்றார். “இருபத்து மூணு. வரைவாளர் இருக்கார். இருபத்து நாலு. ஆபரேட்டரம்மா.” கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “இருபத்தஞ்சு. இங்க யாருமில்ல. துடைச்சு வெச்சிருக்கு.”

அவள் அவர் முழங்கையைப் பிடித்தாள். “போதும் சார். இறங்குங்க.”

அடிப்படியில் உட்கார்ந்து, சிவப்பு மையில், ‘வரைவாளர் கூறியது சரி’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். அங்கிருந்தே ஆட்டோவில் ஏற்றினாள்.

மருத்துவமனையில் அவரை ஓடும் பட்டைமேல் நடக்கவிட்டார்கள். நான்காவது நிமிடத்தில் காகிதத்தின் கோடு சரிய ஆரம்பித்தது. “படுத்திருக்கும்போது இதயம் நல்ல பிள்ளையா நடிக்கும்மா, வேலை குடுத்தாத்தான் குட்டு வெளிப்படும்” என்றார் டாக்டர். மறுநாள் ஆஞ்சியோ செய்ததில் முக்கியமான குழாயில் எண்பத்தைந்து சதவீதம் அடைப்பு இருந்தது. அந்த வாரமே அறுவை சிகிச்சை. வலியே வராத ஆளை எப்படிக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். படியில் பார்த்தேன் என்றாள். அவர் அதைப் படியேறும்போது மூச்சுத்திணறல் என்று எழுதிக்கொண்டார்.

அக்டோபரில் வேலைக்குத் திரும்பியபோது அவருக்குப் படிகள் முப்பத்தெட்டாக இருந்தன. இருபத்திரண்டில் மட்டும் தோளைச் சற்று ஒதுக்கிக்கொண்டு போனார். ஓய்வு பெறும்வரை, ஒன்பது வருடம், அப்படித்தான் போனார். சாக்பீஸ் எண்கள் எத்தனை முறை கழுவியும் போகவில்லை. அலுவலகத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் எண்ணிக்கொண்டே ஏறினார்கள். எண்ணிக்கை கூடினால் மேலே போகாமல் அப்படியே திரும்பி மருத்துவமனைக்குப் போனார்கள்.

அந்த வருடம் நவம்பரிலேயே லிஃப்டைச் சரிசெய்தார்கள். அதில் யாரும் ஏறவில்லை.