சாட்சி மாத்திரைகள்

மாத்திரை என்றால் கரைய வேண்டும். கரையாத மாத்திரையை வயிறு என்ன செய்யும்? அப்படியே வெளியே தள்ளும். உள்நாட்டுக் கம்பெனி அனுப்பிய வலிப்பு மாத்திரைகள் அல்ஜியர்ஸ் அரசு மருந்து ஆய்வகத்தின் கண்ணாடிக் குடுவைகளுக்குள் கல்லாட்டம் கிடந்தன. ஆய்வாளர் வர்தியா மறுபடி போட்டுப் பார்த்தாள். மறுபடியும் அதே கதை. அந்த பேட்ச் முழுவதும் தகுதியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அப்போது அவளுக்குத் துளிகூடப் பயமில்லை. பயம் கம்பெனிக்காரன் வந்த பிறகுதான் வந்தது.

கம்பெனிக்காரன் தாஹர் இனிக்க இனிக்கப் பேசுகிறவன். இயக்குநர் டாக்டர் ஜீலாலியின் அறையில் காபியை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்தான்.

"மேடம் மேல எனக்கு வருத்தமே இல்ல. உங்க மெஷின் மேலதான் சந்தேகம். எங்க கண்ணு முன்னாடி இன்னொரு தடவை பண்ணுங்க. பக்கத்துலயே பழைய வெளிநாட்டு மாத்திரையையும் போடுங்க. அது கரைஞ்சு எங்களுது கரையலைன்னா, வாயை மூடிக்கிட்டுப் போயிடறேன். சட்டத்துல இருக்கறதைத்தானே கேக்கறேன்?"

"நியாயம்தான். வர்தியா, சாட்சிப் பெட்டி உன் அலமாரியிலதானே இருக்கு? நாளைக்கே வெச்சிடலாம்" என்றார் ஜீலாலி.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? "சரி டாக்டர்" என்றாள்.

விஷயம் இதுதான். ஒரு மருந்தை உள்நாட்டில் ஒருவன் செய்கிறேன் என்று சொல்லிவிட்டால், அந்த மருந்துக்கு வெளிநாட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். நல்ல சட்டம்தான், யார் இல்லையென்றது? ஆனால் உள்நாட்டு மாத்திரை கடைக்கு வருவதற்குள்ளேயே கதவைச் சாத்தினார்களே, அந்தப் புண்ணியவான்கள்! அவர்கள் வீட்டில் ஒருத்தனுக்கு வலிப்பு இருந்திருந்தால் சாத்தியிருப்பார்களா?

வர்தியா வீட்டில் ஒருத்தனுக்கு இருந்தது. தம்பி முக்ரான், பாபுல் வாத் பேட்டையில் சவரக்கடை வைத்திருப்பவன். மருந்துக்கடைகள் காலியானதும் அவனுக்கு வலிப்பு திரும்பியது. ஒருநாள் கையில் கத்தியோடு கடையிலேயே விழுந்தான். வாடிக்கையாளரின் காது மடல் கிழிந்தது. அந்த மனுஷன் தங்கமானவர், போலீஸுக்குப் போகவில்லை. பிரான்சின் மார்செய் நகரிலிருந்து சூட்கேஸில் சரக்குக் கொண்டுவரும் வியாபாரிகளிடம் வர்தியா நாயாய் அலைந்தாள். அவர்களிடம் சென்ட்டு இருந்தது, சாக்லேட் இருந்தது, இந்த மாத்திரை மட்டும் இல்லை.

ஆய்வகத்தில் இருந்தது. இறக்குமதியான ஒவ்வொரு பேட்ச்சிலும் கொஞ்சத்தை எடுத்து, பின்னால் வழக்கு வந்தால் சாட்சிக்கு ஆகும் என்று முத்திரை வைத்துப் பூட்டுவது வழக்கம். நாட்டில் மிஞ்சிய கடைசி நல்ல மாத்திரைகள் அவள் சாவிக்குள் இருந்தன. ஓர் அட்டைதானே என்று எடுத்தாள். பிறகு இன்னொன்று. காலிப் பெட்டிக்கு அவளே புது முத்திரை வைத்தாள். வேலியே பயிரை மேய்ந்தது. முக்ரான் மறுபடி கடை திறந்து, சிரித்துப் பேசிக்கொண்டே முடி வெட்டினான். அதைப் பார்த்த அவளுக்கு வெட்கத்தைவிடச் சந்தோஷமே அதிகமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுவோம்.

இப்போது வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவள் மண்டை வெடித்தது. கம்பெனி மாத்திரையையே சாட்சி மாத்திரை என்று போட்டுவிடலாமா? இரண்டும் கரையாது, பழி மெஷின் மேல் விழும், பேட்ச் வெளியே போய்விடும். அந்த மாத்திரையை நம்பி ஊரில் எத்தனை முக்ரான்கள்! உண்மையைச் சொன்னால் வேலை போகும், ஆனால் பேட்ச்சாவது நிற்கும் என்று நினைத்தாள். அப்படித்தான் நினைத்தாள், பாவம்.

காலையில் தாஹரை வைத்துக்கொண்டே சொன்னாள். "பெட்டி காலி டாக்டர். நான்தான் எடுத்தேன். என் தம்பிக்கு."

ஜீலாலி தலையில் கைவைத்துக்கொண்டார். "யா ரப்பி! என்ன காரியம் பண்ணிட்டே நீ!"

"என்னை என்ன வேணா பண்ணுங்க. பேட்ச்சை விட்டுடாதீங்க."

"அதெப்படிம்மா முடியும்? சாட்சி இல்லைன்னா நீ தகுதியில்லைன்னு எழுதினது நிக்காது. அது நிக்கலைன்னா பேட்ச்சை வெளிய விட்டே ஆகணும். புதுசா சாட்சி வரவழைக்க மாசக்கணக்காகும். கடையெல்லாம் காலி, அமைச்சகம் என் கழுத்தை நெரிக்குது."

"கரையலை டாக்டர்! நீங்களே பார்த்தீங்களே!"

"பார்த்தேன். என் கண்ணை எந்தக் கோர்ட்டு சாட்சின்னு ஒத்துக்கும்?"

தாஹர் குதிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் குதிக்கவில்லை. "தம்பிக்கு இப்போ எப்படி இருக்கு மேடம்?" என்று கேட்டான். அவளுக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது.

அன்றே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தம்பியிடம் லீவு என்று மட்டும் சொன்னாள். அடுத்த வாரம் முக்ரான் துள்ளிக்கொண்டு வீட்டுக்குள் வந்தான்.

"அக்கா! கடையில மாத்திரை வந்துடுச்சு! கியூவுல நின்னு வாங்கிட்டேன். இனிமே உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன், போ!"

அட்டையை வாங்கிப் பார்த்தாள். அதே பேட்ச்தான். உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள், பெட்டியை, வேலையை, கரையாததை. அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"ஒண்ணுகூடவா கரையல?"

"சிலது ஓரத்துல கொஞ்சம் கரைஞ்சுது."

"நீ குடுத்ததுல மிச்சம் இருக்கா?"

"நேத்தோட தீர்ந்துதுடா."

"ரெண்டா போட்டுக்கட்டுமா?"

"ஐயோ, வேணாம். என்னிக்காவது சேர்ந்து கரைஞ்சா ஆபத்து."

"அப்போ நிறுத்திடவா?"

திடீரென்று நிறுத்தினால் வலிப்பு இன்னும் மோசமாக வரும் என்று அவளுக்குத் தெரியும். அட்டையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சொல்லுக்கா. போடட்டுமா, வேணாமா? எனக்கு என்ன தெரியும், நீதானே படிச்சவ."

ஒரு மாத்திரையை அவளே பிதுக்கி எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"போடு" என்றாள்.